கடைசி எலிக்குத்தான் துப்பாக்கி

போன வாரம் என் போனுக்கு ஒரு படம் வந்தது. பட்டாளத்துக்காரர்கள் வைத்திருப்பதைப் போல ஒரு கறுப்புத் துப்பாக்கி. மேலே ஒரு முழ நீளத்துக்கு டெலஸ்கோப், அடியில் காற்று அடைக்கிற சிலிண்டர். அனுப்பியவர் நான் வேலை பார்த்த முந்திரிக் கம்பெனியின் இப்போதைய தரக்கட்டுப்பாட்டு மேலாளர் தேன்மொழி மேடம். படத்துக்குக் கீழே ஒரு கேள்வி: "அக்கா, பேக்கிங் ஹால் எலிக்கு இது ஓகேவா? பழசுக்கு ஸ்பிரிங் கிடைக்கல."

"வேணாம்" என்று ஒரே வார்த்தை அனுப்பினேன். உடனே கூப்பிட்டுவிட்டார். ஏன் வேண்டாம், எது வேண்டும், எந்தக் குண்டு, எவ்வளவு தூரம் என்று கேள்வி மேல் கேள்வி. கடைசியில், "இதெல்லாம் ஒரு நோட்டுல எழுதிக் குடுங்கக்கா, புதுசா வர்றவங்களுக்கு ஆவும்" என்றார். சரி என்று சொல்லிவிட்டு உட்கார்ந்தால், துப்பாக்கியைப் பற்றி மட்டும் தனியாக எழுத எனக்கு வரவில்லை. அதைப் பிடித்த ஆட்களும் கூடவே வருகிறார்கள். வரட்டும், எழுதிவிடுகிறேன்.

என் பெயர் செந்தாமரை. சொந்த ஊர் குடிகாடு. எங்கள் ஊரில் வீட்டுக்கு ஒருவராவது கெமிக்கல் கம்பெனிக்குப் போவார்கள். என் அண்ணன்கள் இரண்டு பேரும் போனார்கள். நான் பத்தாவது முடித்துவிட்டு கடலூர் முதுநகரில் முந்திரிக் கம்பெனிக்குப் போனேன். இரண்டு வருஷம் தோல் உரித்தேன், ஒன்பது வருஷம் பருப்பு பொறுக்கினேன். அதற்குப் பிறகு ஓய்வு பெறுகிற வரைக்கும் எலி சுட்டேன்.

சொன்னால் சிரிப்பார்கள் என்று தெரியும். கல்யாண வீட்டில் யாராவது என்னிடம் என்ன வேலை பார்த்தீர்கள் என்று கேட்டால், என் வீட்டுக்காரர் முந்திக்கொண்டு, "எங்க வீட்டு மகாராணி வேட்டைக்குப் போவாங்க. புலி இல்ல, எலி" என்பார். பந்தியே சிரிக்கும். சிரிக்கட்டும். நான் துப்பாக்கியைக் கையில் வாங்கிய நாளிலிருந்து திருப்பிக் கொடுத்த நாள் வரை, எங்கள் டப்பாவில் எலி முடி இருந்தது, எலிப் புழுக்கை இருந்தது என்று எந்த நாட்டிலிருந்தும் ஒரு புகார் வந்ததில்லை. அதை எந்தப் பந்தியிலும் எழுந்து நின்று சொல்வேன்.

இந்த வேலை எனக்குக் கிடைத்தது தேவனாம்பட்டினம் கடற்கரையில். மாசி மகத்துக்குப் போயிருந்தோம், கூடப் பொறுக்குகிற பெண்கள் ஏழெட்டுப் பேர். பலூன் சுடுகிற கடையில் எல்லோரும் ஆளுக்கு நான்கு சுட்டு எல்லாவற்றையும் கோட்டைவிட்டார்கள். நானும் முதல் இரண்டைக் கோட்டைவிட்டேன். மூன்றாவதை, வேண்டுமென்றே பலூனுக்கு ஒரு சாண் வலப்பக்கம் பார்த்துச் சுட்டேன். உடைந்தது. அதற்குப் பிறகு எதுவும் தப்பவில்லை. கடைக்காரன், "அக்கா, போதும், மத்தவங்களும் சுடட்டும்" என்று துப்பாக்கியைப் பிடுங்காத குறையாக வாங்கிக்கொண்டான்.

திரும்பினால் பின்னால் சுண்டல் பொட்டலத்தோடு எங்கள் ஸ்டோர் மேலாளர் சபாநாயகம் சார் நிற்கிறார். எனக்கு வெட்கமாகிவிட்டது.

"மொதல் ரெண்டு ஏன் தப்புச்சு?" என்றார்.

"துப்பாக்கி கோணல் சார். குண்டு எடதுபக்கம் இழுக்குது."

"எப்ப தெரிஞ்சுது?"

"மொதல்லயே சந்தேகம். ரெண்டாவதுல தெரிஞ்சுட்டுது."

சுண்டலை வாயில் போட்டு மென்றுவிட்டு, "நாளைக்கு ஸ்டோருக்கு வா" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

சாரைப் பற்றிச் சொல்ல வேண்டும். சிதம்பரம் தெற்கு வீதிக்காரர். தினமும் காலை ரயிலில் முதுநகர் வந்து இறங்குவார். வெள்ளைச் சட்டை, நெற்றியில் ஒற்றைக் கீற்று விபூதி, சட்டைப் பையில் நாலாக மடித்த கைக்குட்டை. கல்லூரிக் காலத்தில் மாணவர் படையில் ரைஃபிள் சுட்டவர். குரலை உயர்த்தியதே கிடையாது. தப்பு செய்தவரைப் பார்த்து ஒரு கேள்வி கேட்பார், அவ்வளவுதான். அந்த ஒரு கேள்விக்குப் பதில் தேடி நாம் இரண்டு நாள் தூங்க மாட்டோம். இதற்கு அவர் நாலு அறை அறைந்தாலே தேவலை என்று எங்களோடு பருப்பு பொறுக்குகிற சரசு அக்கா சொல்வாள்.

அப்போது கம்பெனியில் எலி விவகாரம் முற்றியிருந்தது. விஷக் கட்டியின் துணுக்கு ஒன்றை எலி இழுத்துவந்து பருப்பு மேசைக்குக் கீழே போட்டிருந்தது. அன்றோடு விஷம் ஹாலுக்குள் வரக்கூடாது என்று ஆனது. பொறி வைத்தால் முதல் எலி மாட்டும், மற்றதெல்லாம் பொறிக்குப் பக்கத்தில் வந்து பார்த்துவிட்டுப் போகும். பசை அட்டையில் குஞ்சுகள்தான் ஒட்டும். எல்லாவற்றுக்கும் தப்பிய ஒன்றிரண்டு கிழட்டு எலிகள் இருக்குமே, அதற்குத்தான் சார் துப்பாக்கி கேட்டார். "சந்து அடைக்கறது மொதல் வேல. பொறி ரெண்டாவது. துப்பாக்கி கடைசி எலிக்குத்தான்" என்பார். இதை நோட்டில் முதல் பக்கத்தில் பெரிய எழுத்தில் எழுதிக்கொள்ளுங்கள் மேடம்.

மறுநாள் ஸ்டோருக்குப் பின்னால் சார் கடை விரித்திருந்தார். நான்கு துப்பாக்கிகள், எல்லாமே லைசென்ஸ் தேவைப்படாத காற்றுத் துப்பாக்கிகள். துணி துவைக்கிற பார் சோப்பை நீளவாக்கில் நிறுத்தி, அதற்குப் பின்னால் ஒரு பலாப்பலகை. அதற்கும் பின்னால் மணல் மூட்டை. ஐந்து மீட்டரில் ஒரு கோடு.

முதலாவது பலூன் கடைத் துப்பாக்கி ரகம். உள்ளே வரி இல்லாத வழுவழுப்பான குழல். சோப்பிலேயே படவில்லை. இரண்டாவது கைத்துப்பாக்கி. சினிமாவில் வருவது போல அழகாக இருந்தது. சோப்பில் ஒரு பள்ளம் போட்டதோடு சரி. "இதுல சுட்டா எலி சாவாது. அடிபட்டு சுவருக்குள்ள போயி ஒரு வாரம் நாறும். அதுவும் ஒரு உசுரு, அத சித்ரவத பண்ணக் கூடாது" என்றார். மூன்றாவது, புதிதாக வந்திருந்த பலமான ஸ்பிரிங் துப்பாக்கி. கூர்முனைக் குண்டு போட்டுச் சுட்டார். சோப்பைத் துளைத்துப் பலகையில் போய்ச் செருகியது. பார்த்துக்கொண்டிருந்த டிரைவர்கள் எல்லாம் கைதட்டினார்கள். சார் தட்டவில்லை.

நான்காவது, நடுத்தர பலமுள்ள பழைய மாதிரி. குழலை மடக்கி ஒரு குண்டு போட்டு நிமிர்த்த வேண்டும். குறி பார்க்க முனையில் ஒரு குமிழ், பின்னால் ஒரு வெட்டு. டெலஸ்கோப் கிடையாது. அதில் தட்டைமுனைக் குண்டு. சுட்டதும் சோப்பின் முகத்தில் கத்தரித்த மாதிரி வட்டமான ஓட்டை விழுந்தது. பின்பக்கம் ஒன்றும் இல்லை. கத்தியால் சோப்பைப் பிளந்தால் குண்டு நடுவில் உட்கார்ந்திருந்தது.

"இப்ப சொல்லு, எது?" என்றார்.

டிரைவர்கள் மூன்றாவது என்றார்கள். நான் நான்காவதைக் காட்டினேன். "ஏன்?" என்றார். "குண்டு எங்க இருக்குதுன்னு தெரியுதே சார்" என்றேன்.

அன்றைக்குத்தான் முதல்முறையாகச் சார் சிரித்துப் பார்த்தேன். சின்னச் சிரிப்புதான்.

மூன்று மாதம் எலியைக் காட்டவே இல்லை. காகிதத்தில் வட்டம் போட்டு, அதைச் சுடு, அதைச் சுடு என்று சுட வைத்தார். குண்டுகளைக் கண்ணாடிப் பலகையில் உருட்டிப் பொறுக்கச் சொன்னார். காற்றுத் துப்பாக்கிக் குண்டு உடுக்கை மாதிரி இருக்கும், நடுவில் இடுப்பு ஒடுங்கி, பின்பக்கம் பாவாடை விரிந்து. பாவாடை கொஞ்சம் மடங்கியிருந்தாலும் குண்டு நேராகப் போகாது. ஒன்பது வருஷம் பருப்பு பொறுக்கியவளுக்கு இது என்ன பெரிய காரியம்? ஒரு டப்பா குண்டை வெற்றிலை போடுகிற நேரத்தில் பிரித்து வைத்துவிடுவேன். டிரைவர் மணி ஒருநாள் குண்டு தீர்ந்துவிட்டால் சைக்கிள் பால்ரஸ் இரும்புக் குண்டு போட்டுச் சுடலாமே என்றான். சார் அவனைப் பார்த்து, "அது சுவத்துல பட்டுத் திரும்பி வந்தா உன் கண்ணுல வாங்கிக்கறியா மணி?" என்றார். மணி அந்தப் பக்கம் அப்புறம் வரவில்லை.

சுடுகிற முறையையும் எழுதிவிடுகிறேன். முதலில் ஹாலில் இருப்பவர்கள் எல்லோரும் வெளியே. ஷட்டருக்கு வெளியே தலை எண்ண வேண்டும். பருப்பு ட்ரேக்களைத் தார்ப்பாயால் மூட வேண்டும். எலி வருகிற சுவரோரமாக மணல் மூட்டை, மேலே நனைத்த சாக்கு. மூட்டைக்கு முன்னால் மண் சட்டியில் தண்ணீர். இது நான் கண்டுபிடித்தது, சாரே ஒப்புக்கொண்டார். முந்திரிக் குடோனில் எலிக்குத் தின்னப் பஞ்சமில்லை, பணக்கார வீட்டுப் பிள்ளை மாதிரி எதை வைத்தாலும் திரும்பிப் பார்க்காது. அதற்குப் பஞ்சம் தண்ணீர்தான். கருவாடு வைத்துத் தோற்றுப்போன இடத்தில் ஒரு சட்டித் தண்ணீர் வேலை செய்தது.

ஐந்து மீட்டர் தள்ளி முக்காலியில் உட்கார்ந்து, முழங்கையை முட்டியில் ஊன்றி, காத்திருக்க வேண்டும். எலி குடிக்கத் தலையைத் தாழ்த்தும்போது கண்ணுக்கும் காதுக்கும் நடுவில். ஓடுகிற எலியைச் சுடக் கூடாது. மேலே தகரத்தில், குழாயில் இருப்பதைச் சுடவே கூடாது. சுட்டு முடித்ததும் குண்டைத் தேட வேண்டும். எலிக்குள் இருக்கும், இல்லையென்றால் மூட்டைக்குள் இருக்கும். எத்தனை சுட்டோமோ அத்தனையையும் எடுத்து நோட்டில் எழுதிய பிறகுதான் ஷட்டர் திறக்க வேண்டும்.

அதற்குச் சார் வைத்திருந்த ஏற்பாடு வேறு எங்கும் கிடையாது. சுடுகிறவர் கையில்தான் ஷட்டர் சாவி. குண்டுக் கணக்கு சரியாகிற வரைக்கும் முதலாளியே வந்தாலும் உள்ளே வேலை நடக்காது. பருப்புச் சலிக்கிற இடத்தில் ஆணி, கம்பி இழுக்கக் காந்தம் வைத்திருந்தார்கள். ஈயம் காந்தத்தில் ஒட்டாது. ஒரு குண்டு டப்பாவுக்குள் போய்விட்டால், அது ஏதோ ஒரு ஊரில் ஏதோ ஒரு குழந்தையின் வாயில்தான் திரும்ப வெளிவரும். சார் இதை ஒருதரம்தான் சொன்னார். எனக்கு அப்போது கைக்குழந்தை இருந்தது. இரண்டாம் தரம் சொல்லத் தேவைப்படவில்லை.

பெயர் பரவிவிட்டது. ஒருமுறை அண்ணாமலை நகரில் மாணவர்கள் தங்குகிற ஒரு லாட்ஜ்காரர் சாருக்குத் தெரிந்தவர் என்று, எங்களைச் சமையலறை எலி சுடக் கூப்பிட்டார். துப்பாக்கிப் பையோடு போய் இறங்கினேன். மாடி முழுக்க மாணவர்கள் எட்டிப்பார்க்கிறார்கள். உள்ளே போனால் சுவரெல்லாம் டைல்ஸ், தரையெல்லாம் டைல்ஸ், மூலையில் மூன்று கேஸ் சிலிண்டர். நான் பையை அவிழ்க்கவே இல்லை. பின்கதவுக்குக் கீழே இரண்டு விரல் நுழைகிற சந்து இருந்தது.

"இங்க சுட மாட்டன். ஒரு தகரம் வாங்கி கதவுக்கு அடியில அடிங்க. எலி வராது" என்றேன்.

"தகரம் அடிக்கறதுக்கா கடலூர்லேருந்து ஆள் வரவழைச்சன்?" என்று லாட்ஜ்காரர் முகம் சுளித்தார். சார் அவரிடமே சுத்தியல் இருக்கிறதா என்று கேட்டார். திரும்பி வரும்போது, "இன்னிக்குத்தான் நல்லா சுட்ட" என்றார். நான் சுட்ட எலிகளுக்கெல்லாம் இப்படி ஒரு பாராட்டு கிடைத்ததில்லை.

இதெல்லாம் பெருமைக் கதை. இனி சொல்லப்போவது நான் செய்த தப்பு. இதைச் சொல்லாமல் நோட்டு எழுதினால் அந்த நோட்டுக்கு மரியாதை இல்லை.

அது மார்கழி மாதம். மழை விட்டு விட்டுப் பெய்துகொண்டிருந்தது. மறுநாள் காலை வெளிநாட்டு வாங்குபவரின் ஆள் சரக்கைப் பார்க்க வருகிறார். பார்த்ததும் கன்டெய்னரில் ஏற்ற வேண்டும். பேக்கிங் ஹாலில் பன்னிரண்டு பெரிய ட்ரேக்களில் முழுப் பருப்பு, வெள்ளை வெளேரென்று. காலை பத்து மணிக்கு ஒரு பெண் அலறினாள். பெருச்சாளிக்குத் தம்பி மாதிரி ஒரு எலி மேசைக்கடியில் ஓடியிருக்கிறது.

சார் அன்று லீவு. ஆருத்ரா தரிசனத்துக்கு அவர் சிதம்பரத்தை விட்டு நகர மாட்டார். என் துப்பாக்கி ஸ்பிரிங் உடைந்து பாண்டிச்சேரிக்கு ரிப்பேருக்குப் போயிருந்தது. என்ன செய்யலாம் என்று யோசிப்பதற்குள் முதலாளியே வந்துவிட்டார். கையில் ஒரு நீளப் பெட்டி. சென்னைக்குப் போனபோது ஆசைப்பட்டு வாங்கியது. பலமான ஸ்பிரிங், டெலஸ்கோப், கூர்முனைக் குண்டு ஒரு டப்பா. போன வாரம் மேடம் அனுப்பிய படத்தின் சித்தப்பா என்று வைத்துக்கொள்ளுங்கள்.

"இதுல சுடும்மா. உங்கிட்ட இருக்கறதவிட பவர் ஜாஸ்தி" என்றார்.

மாட்டேன் என்று சொல்லியிருக்க வேண்டும். ட்ரேக்களையாவது வெளியே எடுக்கச் சொல்லியிருக்க வேண்டும். தட்டைமுனைக் குண்டு என் மேசையில் இருந்தது, அதையாவது போட்டிருக்க வேண்டும். அந்த டெலஸ்கோப் தூரத்துக்குச் சரிசெய்து வந்தது. குழலுக்கு இரண்டு விரல் மேலே உட்கார்ந்திருக்கிறது. பக்கத்தில் இருப்பதைச் சுட்டால் குண்டு நாம் பார்க்கிற இடத்துக்குக் கீழேதான் படும். ஐந்து மீட்டரில் எலியே அதில் மங்கலாகத்தான் தெரியும். இவ்வளவும் எனக்குத் தெரியும். ஆனால் நாற்பது பெண்கள் பார்க்கிறார்கள். முதலாளி பார்க்கிறார். நான் செந்தாமரை, என் கண்ணுக்கு எந்தத் துப்பாக்கியும் கட்டுப்படும் என்று ஒரு திமிர். எலிக்குப் பயந்து வீட்டைக் கொளுத்துகிற வேலை என்று தெரிந்தே துப்பாக்கியை வாங்கிக்கொண்டேன்.

ஷட்டரை இறக்கிவிட்டு உட்கார்ந்தேன். அரை மணியில் எலி தண்ணீருக்கு வந்தது. தலையைத் தாழ்த்தியது. சுட்டேன். எலி அங்கேயே விழுந்தது. ஆனால் நான் கேட்டது இரண்டு சத்தம். முதலில் தரையில் 'டங்' என்று ஒன்று, அதற்குப் பின்னாலேயே தார்ப்பாயில் 'பட்' என்று ஒன்று.

கிட்டே போய்ப் பார்த்தால், தலையில் பட வேண்டிய குண்டு கழுத்துக்குக் கீழே புகுந்து மறுபக்கம் வெளியே போயிருக்கிறது. மணல் மூட்டைக்கு ஒரு சாண் முன்னால் சிமெண்ட் தரையில் புதுக் கீறல். அங்கிருந்து எகிறியிருக்கிறது. தார்ப்பாயில் ஆறாவது ட்ரேக்கும் ஏழாவது ட்ரேக்கும் நடுவில் பட்டாணி அளவுக்கு ஒரு கிழிசல்.

வெளியே வந்து ஷட்டரை இழுத்துப் பூட்டினேன். சாவியை முந்தானையில் முடிந்து இடுப்பில் செருகிக்கொண்டேன்.

"செத்துட்டுதா?" என்றார் முதலாளி.

"எலி செத்துட்டுது. குண்டு காணும். பருப்புக்குள்ள போயிட்டுது."

"ஒரு குண்டா?"

"ஒண்ணுதான்."

"ஒண்ணுக்குப் போயி பூட்டுவியா? நாளைக்குக் காலைல ஆள் வர்றான், இன்னும் டப்பா ரொப்பணும். தெற."

"பன்னண்டு ட்ரேயையும் மறுபடி பொறுக்கணும்ங்க. அதுக்குன்னா தெறக்கறன். டப்பா ரொப்பறதுக்குத் தெறக்க மாட்டன்."

முதலாளி கெட்டவர் இல்லை. ஆனால் அந்தச் சரக்கு தவறினால் அடுத்த வருஷம் அந்த வாங்குபவர் இல்லை, அந்த வாங்குபவர் இல்லையென்றால் நாற்பது பேரில் பாதிப் பேருக்கு வேலை இல்லை. அது எனக்கும் தெரியும். அவர் முகம் சிவந்துவிட்டது. "சாவியக் குடுத்துட்டு வீட்டுக்குப் போ. நாளைலேருந்து வர வேணாம்" என்றார்.

என் வீட்டுக்காரர் அப்போது முதுகுவலியில் படுத்திருந்தார். மகள் ஒன்பதாவது படித்துக்கொண்டிருந்தாள். எங்கள் வீட்டில் அடுப்பு எரிந்தது என் வேலையில்தான். அழுகை முட்டிக்கொண்டு வந்தது. ஒரு ஓரமாகப் போய்ச் சாருக்குப் போன் போட்டேன். கோயில் கூட்டத்தின் இரைச்சல் கேட்டது. நடந்ததை எல்லாம் மூச்சுவிடாமல் சொன்னேன்.

"குண்டு கணக்கு சரியா?" என்றார்.

"இல்ல சார். ஒண்ணு கொறையுது."

"சாவி யார்கிட்ட?"

"எங்கிட்டதான்."

"அப்புறம் எங்கிட்ட எதுக்குக் கேக்கற?"

வைத்துவிட்டார். எனக்கு வந்த கோபம் கொஞ்சமில்லை. ஒரு ஆறுதல் வார்த்தை சொன்னால் குறைந்தா போய்விடுவார்? ஆனால் அழுகை நின்றுவிட்டது. முதலாளியிடம் போய், "வேலைய வுட்டு நிறுத்துங்க, பரவால்ல. கணக்கு முடிஞ்சப்புறம் நிறுத்துங்க" என்றேன். அவர் என்னைப் பார்த்தார், வரிசையாக நின்ற பெண்களைப் பார்த்தார், காரில் போய் உட்கார்ந்து கதவைச் சாத்திக்கொண்டார்.

ஷட்டரைத் திறந்து பெண்களை உள்ளே விட்டேன். ஒவ்வொரு ட்ரேயாக மேசையில் கொட்டி, ஒவ்வொரு பருப்பாகத் தள்ளிப் பார்த்தார்கள். மத்தியானச் சாப்பாட்டுக்கு யாரும் எழுந்திருக்கவில்லை. நான்கு மணிக்குப் பன்னிரண்டாவது ட்ரேயும் முடிந்தது. குண்டு இல்லை.

முதலாளி இறங்கி வந்தார். "பாத்தாச்சா? இல்லன்னு ஆயிட்டுதா? தெறந்து வுடு இப்ப" என்றார். குரலில் கோபம்கூட இல்லை, அலுப்புதான் இருந்தது.

எங்கே போயிருக்கும்? கிழிசலின் உள்பக்கத்தைத் தடவிப் பார்த்தேன். குண்டு உள்ளே போனது நிச்சயம். அப்படியென்றால் நாற்பது ஜோடிக் கண்ணுக்கு ஏன் தெரியவில்லை? சாம்பல் நிறத்தில் தனியாக ஒரு குண்டு கிடக்கும் என்று எல்லோரும் தேடினோம். தனியாக இல்லாவிட்டால்? முந்திரிப் பருப்பு இரண்டு பிளவு சேர்ந்தது. நடுவில் ஒரு கீற்று இருக்கும்.

"கண்ணால தேடுனது போதும். ஆறாவதையும் ஏழாவதையும் மறுபடி கொட்டுங்க. கையால தேடுங்க. எந்தப் பருப்பு கனக்குதோ அத எடுத்து வையிங்க" என்றேன்.

பெண்கள் முனகினார்கள். யாருக்கு மூச்சிருக்கிறது? அப்போது முதலில் போய் மேசையில் உட்கார்ந்தது சரசு அக்கா. நான் பொறுக்குகிற மேசையை விட்டுத் துப்பாக்கிக்குப் போன நாளிலிருந்து, "பெரிய கலெக்டரு" என்று என்னிடம் முகம் கொடுத்துப் பேசாதவள். அவள் உட்கார்ந்ததும் மற்றவர்கள் ஒவ்வொருவராக உட்கார்ந்தார்கள்.

விளக்குப் போடுகிற நேரத்துக்குச் சற்று முன்னால் சரசு அக்காவின் கை நின்றது. ஒரு பருப்பை உள்ளங்கையில் வைத்து இரண்டு முறை தூக்கிப் பார்த்தாள்.

"ஏய் செந்தாமர, இது கனக்குதுடி."

வாங்கிப் பார்த்தேன். வெளியே பார்க்க முழுப் பருப்பு, முதல் தரம். பிளவின் கீற்றில் பருப்பு மாவு அப்பியிருந்தது. நகத்தால் நெம்பினேன். இரண்டாகப் பிரிந்தது. நசுங்கி வளைந்த ஈயக் குண்டு மேசையில் விழுந்து உருண்டது. எல்லோரும் ஒரே சமயத்தில் பேசினார்கள். நான் சரசு அக்காவைக் கட்டிக்கொண்டு அழுதேன். "வுடுடி, பருப்பு கொட்டிடும்" என்றாள் அவள்.

ஆறாவது ட்ரேயைக் கப்பலுக்கு அனுப்பக் கூடாது, ஈயம் பட்டது என்று ஒதுக்கி வைத்தேன். முதலாளி அதைத் தடுக்கவில்லை. அந்தக் குண்டைக் கையில் வாங்கி வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு சட்டைக் கையை மடித்துக்கொண்டு அவரே எங்களோடு உட்கார்ந்து டப்பா ரொப்பினார். சரக்கு மறுநாள் சாயங்காலம் கிளம்பியது. என்னை வர வேண்டாம் என்று சொன்னதை அவரும் மறந்தார், நானும் ஞாபகப்படுத்தவில்லை.

டப்பா வேலைக்குப் போகும் முன்பு நான் குண்டு நோட்டை எடுத்து எழுதினேன். சுட்டது ஒன்று. எடுத்தது ஒன்று. தப்பு ஒன்று: பக்கத்தில் இருக்கிற எலிக்குப் பலம் கூடிய துப்பாக்கி. தப்பு இரண்டு: கூர்முனைக் குண்டு. சுட்டது செந்தாமரை. கையெழுத்தும் போட்டேன்.

சார் வந்தது அதற்கடுத்த நாள். தூக்குச் சட்டியில் திருவாதிரைக் களி கொண்டுவந்து எல்லோருக்கும் கொடுத்தார். எனக்கும் கொடுத்தார். நாலு பேர் முன்னால் அந்த ஒரு கேள்வியைக் கேட்கப் போகிறார் என்று காத்திருந்தேன். அவர் நோட்டை எடுத்தார். படித்தார். மறுபடி படித்தார்.

"ரெண்டு தப்புதான் எழுதியிருக்க. மூணாவது எங்க?"

எனக்கு மூன்றாவது எது என்று புரியவில்லை. ட்ரேயை வெளியே எடுக்காததா? திமிரா? "எது சார்?" என்றேன்.

"அந்தத் துப்பாக்கியும் குண்டு டப்பாவும் வந்து பத்து நாளாச்சு. நான் பாத்தன். மொதலாளிகிட்ட இது ஆவாதுன்னு சொல்லி வெளிய அனுப்பியிருக்கணும். அவரு ஆசையா வாங்கிட்டு வந்தாருன்னு நான் வாயத் தெறக்கல" என்றார்.

பேனாவைத் திறந்து அவரே எழுதினார். தப்பு மூன்று: மேலாளர் சும்மா இருந்தது. எங்கள் நோட்டில் சுட்டவர் கீழே கையெழுத்துப் போடுவார், மேலாளர் மேலே போடுவார், அதுதான் வழக்கம். மேலே இடம் காலியாகத்தான் இருந்தது. சார் நோட்டைக் கொஞ்சம் நகர்த்தி, என் கையெழுத்துக்குக் கீழே அவர் கையெழுத்தைப் போட்டார்.